கங்காணி வேட்டிக்கு ஊதிய வாய்த்தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் வரி கோணிப் போகிறது, சொல்ல வந்தது பாதியில் மறந்துவிடுகிறது. அதைப் பெரிதாக எடுக்காமல் வாசியுங்கள். புளித்த கஞ்சியின் வாடை மட்டும் எனக்கு மறக்கவேயில்லை. சோற்றுக் கஞ்சியில் முக்கி எடுத்த வேட்டி எங்கள் மலையில் லேசில் காயாது. தொடர்ந்து மூடுபனி போட்டால் கொடியிலேயே புளித்து, நனைந்த நாய் மாதிரி நாறும். அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தால் கிளம்புகிற ஆவி என் முகத்தில்தான் அடிக்கும். ஏனென்றால் அந்த வேட்டிக்குப் பக்கத்தில் நின்று வாயால் தண்ணீர் ஊதியவள் நான்.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஆட்களை வேலை வாங்கிய பெரிய கங்காணி வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் தோட்டத்துத் தொரைக்கு முன்னால் போய் நிற்பார். "வேட்டி கசங்கினா ஆளு கசங்கினான்" என்பது அந்த வீட்டுப் பேச்சு. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கெல்லாம் "பாய் இஸ்திரி"தான். சட்டையை நீவி மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து மேலே படுத்துக்கொள்வோம், தம்பி மூத்திரம் போகாமல் இருந்தால் காலையில் மடிப்பு நிற்கும்.

கங்காணியம்மா இஸ்திரிப் பெட்டியை யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டார். (இன்றைக்கும் மரியாதை போட்டுத்தான் எழுதுகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது.) கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை "மிலாறு" என்போம், அதை எரித்த கரியைப் பெட்டிக்குள் கொட்டி அவரே தேய்ப்பார். தண்ணீருக்குத்தான் ஆள் வேண்டும். கையால் தெளித்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து துணியில் திட்டுத் திட்டாக நிற்குமாம். வாய் நிறைய வைத்து உதட்டை இறுக்கி ஊதினால்தான் பனி மாதிரி இறங்குமாம். அவர் வாயில் காலை முதல் வெற்றிலை. லயத்தில் பெரிய ஆட்கள் எல்லோர் வாயும் அதே கதிதான். ஒரு சிவப்புப் பொட்டு பட்டால் வேட்டி போச்சு. அதனால் வெற்றிலை பழகாத, முன்பல் முளைத்து முடிந்த பெண்பிள்ளையாகப் பார்த்து என்னைப் பிடித்தார்கள். பொடியன்களுக்குத் துப்பத்தான் தெரியுமாம், ஊத வராதாம்.

முதலில் வாயைச் சோதிப்பார். சுண்ணாம்பு ஒட்டிய விரலை விட்டு என் உதட்டை இழுத்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்ப்பார். எனக்கென்று ஒரு தகரக் குவளை வீட்டுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் கிடக்கும். பல்லி எச்சம் இருந்தால் வழித்துப் போட்டுவிட்டு, மலைத்தண்ணீர் குழாயில் கொட்டுகிற பீலியில் பிடித்து வருவேன். அந்தத் தண்ணீரை வாயில் வைத்திருக்கும்போதே கோட்டின் கம்புக்கட்டில், அக்குள் பக்கம், பெட்டி ஏறும். பழைய வேர்வை, மூக்குப்பொடி, பூஞ்சணம் எல்லாம் வெந்து மேலே வரும். குமட்டினாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தண்ணீர் கொட்டும், முதுகில் அடி விழும். முடிந்து போகும்போது உதட்டில் கஞ்சி காய்ந்து தோலாக உரியும். கையில் படாமல் ஒரு பழைய தோசைத் துண்டைப் போடுவார்.

எங்கள் கையால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். என் எச்சில் தண்ணீர் மட்டும் கங்காணியின் தோளிலும் இடுப்பிலும் ஏறி ஊர்வலம் போகும். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் இதைக் கேட்டே விட்டார். அதற்குக் கங்காணியம்மா, "நெருப்பு மேல போனா எல்லாத் தீட்டும் போயிரும்" என்றார்.

எனக்கு அருவருப்பு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் கலைந்து, வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில்தான் அங்கே இஸ்திரி. தோட்டத்துப் பள்ளியில் வாசிப்புப் பாடமும் அதே நேரம்தான். நனைந்த சட்டையோடு நான் ஓடிப்போய்ச் சேரும்போது புத்தகத்தை மூடியிருப்பார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த காலம் அது, விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. இப்படியே வந்தால் பெயரை வெட்டிவிடுவேன் என்று என் அம்மாவுக்கு வாத்தியார் சொல்லி அனுப்பினார். கங்காணியோடு பகை வேண்டாம் என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்குப் போகும் முன்னால், அம்மா தன் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து என் வாயில் திணித்தாள்.

"மெல்லு. முழுங்கிறாத."

வயசுக்கு வராத பிள்ளைக்கு வெற்றிலை கொடுப்பது எங்கள் லயத்தில் கேவலம். எனக்குத் தலை சுற்றியது, காது சூடேறியது, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குந்தி வாந்தி எடுத்தேன். அம்மா என் வாயைத் துடைத்துவிட்டு இன்னொன்று மடித்தாள்.

"கேட்டா பல்லு வலின்னு சொல்லு. பாடம் படிக்கிற வாயில துப்ப வைக்கிறாளுக."

கங்காணியம்மா உதட்டை இழுத்துப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டார்.

"சனியனே, யாருடி குடுத்தா?"

"பல்லு வலிங்க."

"பல்லு வலின்னா உப்ப வச்சுக்க. கெழவி மாதிரி செவந்து கெடக்கு."

உப்பு வைக்கவில்லை. மறுநாளும் சிவந்த வாயோடுதான் போனேன், அதற்கு மறுநாளும். என் பல் இடுக்கெல்லாம் காவி ஏறிய பிறகு கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கங்காணிக்கு விஷயம் புரியாமல் இல்லை. அம்மாவை ஆற்றோரத்துச் செங்குத்து மலைக்கு மாற்றினார். அங்கே கொழுந்தைவிட அட்டைதான் அதிகம். மாலையில் அம்மா காலைக் கழுவும்போது தண்ணீர் சிவந்து ஓடும். சேலை மடிப்பிலிருந்து ஊதிப்போன அட்டையை எடுத்து அடுப்பில் போடுவாள், சடசடவென்று பொரியும். அந்த நாற்றமும் எனக்கு மறக்கவில்லை.

ஆனால் நான் வாசிப்புப் பாடத்துக்கு நேரத்தோடு போனேன். அடுத்த வாரமே எனக்குப் பக்கத்து இடம் காலியானது. அங்கே உட்காருகிற செவனம்மா, பள்ளத்தில் இருக்கிற பணிய லயத்துப் பிள்ளை, வெயில் ஏறிய பிறகு வந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது, உதட்டில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. கேட்கத் தேவையில்லாமல் எனக்குத் தெரிந்தது. எட்டிப் புத்தகத்தைக் காட்டினேன். எந்த வரி என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வருவதையே விட்டுவிட்டாள்.

அவளுக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடேன் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கால் காயத்துக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நான் குடுத்தா அவ சித்தப்பன் அடிச்சே கொன்னுருவான். அதுக்கு அம்மா இல்லையேடி."

இப்போது என் மருமகள் மின்சார அயனில் தேய்க்கிறாள், தண்ணீரைப் போத்தலால் "புஸ்" என்று அடிக்கிறாள். பெரிய கங்காணி என்று எவரும் இல்லை. அந்த வீடு இருந்த இடத்திலும் தேயிலையை நட்டுவிட்டார்கள். கரிப்பெட்டி போனது, தகரக் குவளை போனது. போன எதற்கும் எனக்கு வருத்தமில்லை, தொலைந்தது நல்லது.

செவனம்மா குடும்பம் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது என்று கேள்வி. அவள் பள்ளிக்கூடத்தை விட்டபோது நாங்கள் இரண்டாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்பது எனக்குச் சரியாக நிற்கவில்லை. அவளுடைய முழுப் பெயரும் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால், நான் பிசகாக எழுதியதைப் பார்த்துத் திருத்துங்கள். அவள் பிறகு எப்போதாவது வாசிக்கப் பழகினாளா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.