நாலாவது ஆள்

மூன்று பேராகச் சேர்ந்து எங்கும் கிளம்பக் கூடாது என்பது திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம். கிளம்பினால் போகிற காரியம் விளங்காது. வேறு வழியே இல்லை, மூன்று பேர்தான் போயாக வேண்டும் என்றால், வாசலில் கிடக்கிற ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். கல் நாலாவது ஆளாகிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அம்மா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். அண்ணாவை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, மூன்று பேராக, அதுவும் ராகுகாலத்தில், கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடிக்கப் போவாள். எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு எச்சரித்தால், "கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார் மாமி" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுவாள்.

அப்படிப்பட்ட அம்மா, மூன்று பேராகப் போகக் கூடாது என்று ஒருநாள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

போவதாக இருந்த அந்த ரயில் பயணமே அண்ணா போட்ட திட்டம்தான். அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான்; படித்த நேரம் போக மீதி நேரம் முழுக்க ரயில். எங்கள் அறைச் சுவரில் பெரிய ரயில்வே வரைபடம் ஒன்றை ஒட்டி, அதில் சிவப்புக் கம்பளி நூலால் வழி போட்டிருந்தான். திருவனந்தபுரத்திலிருந்து கடலோரமாகவே மும்பை. அங்கே பிதுங்கி வழியும் லோக்கல் ரயில்களில் ஒரு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். பிறகு டெல்லி, மெட்ரோ. பிறகு கால்கா போய், குட்டி ரயிலில் சிம்லா. சிம்லாவைத் தாண்டி ஒரு சின்ன ஊரிலிருந்து, தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்தே ஒரு மலையின் உச்சிக்கு. சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவும் அவனும் இதைத்தான் பேசுவார்கள். மும்பைக்கு ஒரு நாள் போதாது என்பார் அப்பா. ஊரைக் குறைத்தாலும் மலையைக் குறைக்க முடியாது என்பான் அண்ணா. தண்ணீர் பாட்டில் இலாகாவுக்கு என்னை மந்திரியாக்கியிருந்தான். ஸ்வெட்டர் என்ற வஸ்துவைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். ஆனாலும் பனியைப் பற்றி நிறையப் பேசினோம்.

மலைக்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அண்ணாவை போனக்காட்டுக்கு அழைத்துப் போனார். தேயிலைத் தோட்டம் வரைக்கும் பஸ், அதற்குமேல் நடை. நல்ல மழை. கால் முழுக்க அட்டைக் கடியோடும், புது ஷூ உரித்த குதிகாலோடும் அண்ணா திரும்பி வந்தான். அந்தக் காலோடு முழங்கால் ஆழத் தண்ணீரில் ஓடையைத் தாண்டினதைப் பெருமையாகச் சொன்னான். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த காய்ச்சல்தான், இரண்டு நாள் படுத்தால் சரியாகிவிடும் என்று அப்பா மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் அவன் கண் மஞ்சளாக இருந்தது. எலிப்பனி என்றார்கள், பனி என்றால் எங்கள் ஊரில் காய்ச்சல். என்னைக் கரமனையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுபடி என்னை வீட்டுக்கு அழைத்து வந்தபோது கூடத்தில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவும் இல்லை. யாராவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்ற ஒருவருக்கும் கை வரவில்லை. கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு சாயங்காலம் அப்பா அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். பிறகு கூடத்துக்கு வந்து, "போலாம். அவன் போட்ட பிளான் அப்படியே" என்றார். நான் குதித்தேன். அண்ணாவை நினைத்து அழுதுகொண்டே ரயிலை நினைத்துக் குதிப்பது ஒன்பது வயதில் முடிகிற காரியம்தான்.

அதற்குப் பிறகு அப்பா ஆளே மாறிப்போனார். மாதக்கணக்கில் வளர்ந்து கிடந்த தாடியை எடுத்தார். சாலைக் கடைத்தெருவுக்குப் போய் எங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். வீட்டு வரியை எங்கே கட்டுவது, கிணற்று மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மனுஷன் ஒருவழியாகத் தேறிவிட்டார் என்று தெருவே மூச்சு விட்டது. அம்மாவும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கெட் எடுக்க என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பெயரும் வயதும் நான்தான் தட்டினேன். மும்பைக்கு மூன்று பேர், டெல்லிக்கு மூன்று பேர், மலைக்கு மூன்று பேர். திரும்பி வருவதற்கு இரண்டு பெயரோடு நிறுத்தச் சொன்னார்.

"உங்களுக்கு?"

"எனக்கு டெல்லில ஆபீஸ் ஜோலி இருக்கு. நீயும் அம்மாவும் முன்னாடி வந்துடுங்கோ."

"அப்பறம் வருவேளா?"

"பின்னே வராம?" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அது போதுமாக இருந்தது. சாப்பாட்டு வேளையில் பெருமை தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன். "வரச்சே நானும் நீயும் மட்டும்தான். கீழ் பெர்த் எனக்காக்கும்."

அம்மா ரசம் விட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்திலேயே திரும்ப வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். "ஆபீஸ் ஜோலி" என்று அவர் சோற்றைப் பார்த்துச் சொன்னார். அப்பா ஊரிலேயே ஒரு சின்னக் கூட்டுறவு அலுவலகத்தில் கணக்கர். அந்த அலுவலகத்துக்குப் பக்கத்திலிருக்கிற ஆற்றிங்கலைத் தாண்டி ஒரு ஜோலியும் கிடையாது. மூன்று பேர் போய் இரண்டு பேர் திரும்புகிற கணக்கை அம்மா அப்போதே போட்டுப் பார்த்துவிட்டாள். டிக்கெட்டில் பெயரைத் தட்டின நான் போட்டுப் பார்க்கவில்லை.

அம்மா தட்டுகளை எடுத்தாள். சாப்பிட்ட இடத்தைத் துடைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்று, "மூணு பேராப் போகப்படாது" என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணா இறந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். நாலு பேரானாப் போலாம். இல்லேன்னா ஒருத்தரும் போக வேண்டாம்."

"ஒரு கல்லை எடுத்துப் பைல போட்டுக்கோ. அது மதி, போறும்."

நாலாவது ஆள் என்றால் அது கரமனை அத்தையாகத்தான் இருக்கும் என்று எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தொலைபேசி அலுவலகத்தில் காலமெல்லாம் பேசிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்காலிலும் வலி. அதைப் பற்றியும் பேசுவாள். அவளோடு ஒரு ரயில் பெட்டியில் இந்தியாவின் அந்தக் கோடி வரைக்கும் போவதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. கல் என்று அப்பா சொன்னதும் ஒரே ஓட்டமாகக் குளத்தங்கரைக்குப் போனேன். கையில் அடங்குகிற மாதிரி வழவழப்பான கருங்கல் ஒன்று கிடைத்தது. குழாயடியில் கழுவி, பாவாடையில் துடைத்து, கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன்.

"இது அண்ணா. இப்போ நாலு பேர் ஆயாச்சு."

நல்ல யோசனை என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். அப்பா கல்லை எடுத்தார். விரல்களை மூடிக்கொண்டார். அப்படியே எழுந்து அறைக்குள் போய்விட்டார். அம்மா போனை எடுத்தாள். "அக்கா, நீங்க எங்களோட வரணும்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

பயணத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்க, அத்தை அன்று சாயங்காலமே ஆட்டோவில் பையோடு வந்து இறங்கினாள். கூடத்தில், வாசல் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுக்கொண்டாள். காற்று அங்கேதான் வருகிறதாம். அப்பாவை உட்கார வைத்துத் தனக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னாள். "வரச்சே எனக்குப் பக்கத்துல நீதான் இருக்கணும் கேட்டயா. ட்ரெயின்ல ஆம்பிளைத் துணை இல்லாம எனக்குப் பயம்." தனியாகக் காசிக்குப் போய் வந்தவள் அவள். அப்போது ரயிலில் பெட்டி வைக்கிற இடத்துக்காகச் சண்டை போட்டு ஒரு ராணுவக்காரரை இடம் மாற வைத்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு பெயரையும் தட்டினார். எனக்கு அத்தை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மும்பையையும் டெல்லியையும் நான் பெரும்பாலும் அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தேன். ரயிலில் காற்று வாங்க அப்பா கதவருகே போய் நின்றால், அத்தைக்கும் உடனே காற்று வேண்டியிருந்தது. கம்பியை ஒரு கையிலும் அப்பாவின் சட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். லோக்கல் ரயிலில், பிளாட்பாரத்தில், மெட்ரோவில், எங்கும் அந்தச் சட்டையை விடவில்லை. நான் உம்மென்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். நான் எப்போது கண் விழித்தாலும் விழித்திருந்தாள்.

மலையடிவாரத்தில், தங்கின இடத்திலேயே இருந்துகொள்ளும்படி அப்பா அத்தையிடம் மன்றாடினார். "உன் முழங்காலை வெச்சுண்டு எப்படி ஏறுவே அக்கா?"

"நீ ஏறினா நானும் ஏறுவேன்."

ஏறினாள். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, தலையில் மப்ளர், ஒவ்வொரு வளைவிலும் ஒரு முனகல். அண்ணா இருந்திருந்தால் சிரித்துச் சிரித்தே உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். உச்சிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரத்தாலான சின்னக் கோவில் ஒன்று பூட்டிக் கிடந்தது. வேறு யாரும் இல்லை. கோவிலுக்குப் பின்னால் பாறை. பாறைக்கு அப்பால் கீழே வெறும் மேகம்.

அப்பா பாறை வரைக்கும் போனார். அத்தை பின்னாலேயே போய், தொப்பென்று தரையில் உட்கார்ந்து, அவர் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பைக்குள் கை விட்டு எதையோ எடுத்தார். என் கல். குளத்தங்கரையிலிருந்து இவ்வளவு தூரம் அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

"இவனை இங்கே விட்டுட்டு வரேன்" என்றார். "நீங்க எல்லாரும் எறங்கிண்டிருங்கோ."

அம்மா என் தோளைப் பிடித்தாள். வலித்தது.

அத்தைக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "அப்படியெல்லாம் விடப்படாது" என்றாள். "கூட வந்த கல்லைத் திரும்ப ஆத்து வாசலுக்கே கொண்டு சேக்கணும். யார் எடுத்துண்டு வந்தாளோ அவாதான் கொண்டு போகணும். அதாக்கும் வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கமா?"

"பின்னே? நம்மாத்துல என்னிக்கும் உண்டு."

அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் குளிர் தாங்கவில்லை. சீக்கிரம் முடிவு செய்தால் தேவலை என்றிருந்தது. கடைசியில் அவர் கல்லைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்து, இரண்டு கையையும் கொடுத்து அத்தையைத் தூக்கி நிறுத்தினார். இறங்கினோம். நாலு பேரும் ஒரே வண்டியில் ஊர் திரும்பினோம். கல்லை அப்பா குழாயடியில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதற்கப்புறமும் அப்பா பழைய அப்பாவாக ஆகவில்லை. அதிகம் பேசாமல், தினமும் அலுவலகம் போய் வந்துகொண்டிருந்தார்.

அத்தை சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் மூன்று தோழிகள் ஒரு பயணம் கிளம்பினோம். நான் கல் எடுத்துக்கொண்டேன். திரும்புகிற அன்று ஞாபகமாக அதைப் பெட்டியிலும் வைத்தேன். பாலக்காட்டுக்காரியான தோழி சிரித்தாள். அவர்கள் வீட்டில் போய்ச் சேர்ந்த இடத்திலேயே எறிந்துவிடுவார்களாம். விடுமுறைக்கு வந்ததும் எதிர்வீட்டு மாமியிடம் கேட்டேன். தெருவில் வேறு இரண்டு வீடுகளிலும் கேட்டேன். கல்லைத் திரும்பக் கொண்டுவருகிற வழக்கத்தை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த இடத்தில் அத்தை அதை அப்போதே உண்டாக்கியிருக்கிறாள்.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொஞ்ச நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று உறைக்க இன்னும் சில வருஷம் ஆயிற்று. "நம்மாத்துல" என்று அத்தை சொன்ன அந்த வீட்டில்தான் அப்பாவும் வளர்ந்தார். அங்கே அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்பது மலை மேல் நிற்கும்போதே அவருக்குத் தெரியும்.