மயிலாப்பூரைத் தொடாத விரல்கள்

மதுவந்திக்கு அவள் அப்பா ராகத்தின் பெயரை வைத்தார். அவளோ பாட்டுக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்குப் போனாள். அதிலும் கம்ப்யூட்டரைப் பார்க்கிற வேலை இல்லை. அதன் முன்னால் நிற்கிற மனுஷர்கள் எப்படி முழிக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. இதற்கெல்லாம் டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். அவளிடம் ஒன்று இருந்தது.

முதல் ஆராய்ச்சி லிஃப்ட் பற்றியது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது. அப்புறமும் ஜனங்கள் ஏன் அதைக் குத்திக்கொண்டே இருக்கிறார்கள்? அடையாறில் ஒரு கட்டடத்தின் லிஃப்டுக்குள் நின்று பார்த்தாள். ஏறியவர்கள் அவளைப் பணியாள் என்று நினைத்து மாடி நம்பரைச் சொன்னார்கள். அவளும் பொத்தானை அமுக்கிக் கொண்டுபோய் விட்டாள். மாதக் கடைசியில் பார்த்தால், பொத்தானைத் தொட்ட விரல்கள் எல்லாம் அவளுடையவை. அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள்: பார்க்கலாம், உதவக்கூடாது.

மயிலாப்பூரில் அவள் அம்மா ஜானு, உறவுக்காரர்கள் கேட்டால் "பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் மேலே கேட்பதற்குள் காபி கலக்க எழுந்துவிடுவாள்.

தொண்ணூற்றேழில் மதுவந்தியின் பெரிய ஆராய்ச்சி வந்தது. தி. நகர் பஸ் ஸ்டாண்டில், டைம் கீப்பர் நாகராஜின் அறை வாசலில் ஒரு மிஷினை வைத்தார்கள். கண்ணாடித் திரையில் கட்டம் கட்டமாக ஊர்ப் பெயர்கள். போகவேண்டிய ஊரைத் தொட்டால் பஸ் நம்பர் வரும். நட்டநடுவில் மயிலாப்பூர், பக்கத்தில் மந்தைவெளி. கீழ் மூலையில் சிவப்பாக 'நிறுத்து' என்று ஒரு கட்டம். அது மிஷினை அணைப்பதற்கு, பணியாளர்களுக்கு மட்டும். சிவப்பாக இருந்தால் முக்கியமானது என்று ஜனங்கள் முதலில் அதைத்தான் தொட்டார்கள். மிஷின் படுத்துக்கொள்ளும். நிரல் எழுதுகிற ஸ்டீவ் சாந்தோமிலிருந்து மொபெட்டில் வந்து எழுப்புவான்.

மதுவந்தி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துண்டு வர்றவா போறவாளை எல்லாம் பார்த்துண்டிருக்கியாமே? ராமானுஜம் மாமா பார்த்துட்டு வந்து சொல்றார்" என்று வீட்டில் ஜானு கேட்டாள்.

"அதாம்மா என் வேலை."

"அதைத்தான் அவரும் கேட்டார். நான் காபி வேணுமான்னு கேட்டுட்டேன்."

எல்லா ஊரையும் ஜனங்கள் தொட்டார்கள், மயிலாப்பூரைத் தவிர. வாரம் வாரமாகப் பார்த்தாயிற்று. ஒரு விரல்கூட இல்லை. விரல் மயிலாப்பூர் வரைக்கும் போகும், தயங்கும், மந்தைவெளிக்கு ஒதுங்கிவிடும்.

"இதுல இன்னா மேடம் ஆச்சரியம்? மயிலாப்பூர்காரன் போய் பஸ் நம்பர் கேப்பானா? பஸ்ஸு தப்பா வந்துச்சுன்னுதான் சொல்லுவான்" என்றான் ஸ்டீவ்.

மதுவந்தி சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். அவளும் மயிலாப்பூர்தான், வீட்டில் யாரும் யாரிடமும் வழி கேட்டு அவள் பார்த்ததில்லை. சொந்த ஊர் விஷயத்தில் மிஷினிடம் கேட்பதை மனுஷர்கள் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினாள். வெளிநாட்டு மாநாடு ஒன்று ஏற்றுக்கொண்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

அவள் பிரிவுத் தலைவர் ஜெயராமுக்கும் அதில்தான் உயிர் வந்தது. "மார்ச்சோட இந்தப் புராஜெக்டை மூடச் சொல்லி மேல இருந்து பிடுங்கறாங்கம்மா. இந்தக் கட்டுரைதான் ஒரே பிடி. அதுவும் போச்சுன்னா மிஷின் கோடவுனுக்கு, நீ வேற பிரிவுக்கு."

கட்டுரையின் கடைசிப் பிரதியை அனுப்ப வேண்டிய வாரம். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பன்னிரண்டு பி பஸ் வரவே இல்லை. மதுவந்தி சும்மாதானே நிற்கிறோம் என்று மிஷின் முன்னால் போனாள். மயிலாப்பூரைத் தொட விரலை நீட்டினாள். விரல் வளைந்து போய் மந்தைவெளியைத் தொட்டது.

அவள் தன் விரலைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள்.

மயிலாப்பூர் மேல் ஒரு பொட்டு இருந்தது. சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜை அன்றைக்கு அவளே வைத்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் நாகராஜ் தன் மேஜைக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வைக்கிற கையோடு இதற்கும் புதுசாக வைத்துக்கொண்டிருந்தார். தினமும் அதைப் பார்த்தவள், பார்க்கவே இல்லை. இந்த ஊரில் பொட்டில்லாத மிஷின் எது? மூக்கைப் போல அதுவும் கண்ணில் படாது.

மறுநாள் ஸ்டீவைக் கேட்டாள். "பொட்டு இருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். எங்க பேட்டை மாவு மிஷின்லகூடதான் கீது."

"நீ ஏன் மயிலாப்பூரைத் தொடலை?"

"அடுத்தவங்க வெச்ச பொட்டை நாம எதுக்கு மேடம் கலைக்கணும்?"

ஈரத்துணியால் அவள் பொட்டைத் துடைத்தாள். பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் மயிலாப்பூர்காரர்கள் வரிசையில் நின்று, கொஞ்சமும் கௌரவம் பார்க்காமல், பஸ் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரை பொய்யாகிப் போயிற்று. இதை அவளைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பியிருக்கலாம். திரும்பப் பெறுகிறேன் என்று மாநாட்டுக்கு எழுதிவிட்டு, ஜெயராமிடம் போய்ச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதக்கூடாதா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன் சார்."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றார். "நாளைக்கு வரேன். மூடறதுக்கு முன்னாடி ஒருதரம் பார்த்துடறேன்."

அன்று வெள்ளிக்கிழமை. சந்தனமும் குங்குமச் சிமிழுமாக வந்த நாகராஜ், பொட்டில்லாத திரையைப் பார்த்து முகம் சுண்டிப்போனார். மதுவந்தி அவற்றை வாங்கி, சிவப்பு 'நிறுத்து' கட்டத்தின் மேல் பொட்டு வைத்தாள். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. ஸ்டீவின் மொபெட்டுக்கு வேலை இல்லை. மறுநாள் ஜெயராம் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். காலையிலிருந்து மிஷின் படுக்கவே இல்லை என்று கேட்டதும், "அட" என்றார்.

அப்போது கையில் புடவைக்கடைப் பையோடு ஒரு அம்மாள் மிஷின் முன்னால் வந்து நின்றாள். முதுகைப் பார்த்ததுமே மதுவந்திக்குத் தெரிந்துவிட்டது. ஜானு. முப்பது வருஷமாகப் பன்னிரண்டு பி-யில் போகிறவள், மயிலாப்பூரைத் தொட்டாள். நம்பர் வந்தது.

"நன்னாத்தான் சொல்றது" என்று ஜானு மிஷினிடமே சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆளிடம், "எங்காத்துப் பொண்ணு பண்ணினது. வர்றவா எங்கே திணறறான்னு உக்காந்து பார்த்துப் பார்த்துப் பண்ணினாளாக்கும்" என்றாள்.

அப்புறம்தான் மூலையிலிருந்த பொட்டு அவள் கண்ணில் பட்டது. பக்தியோடு அதைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மிஷின் படுத்துவிட்டது.

ஜானு பதறித் திரும்பினாள். பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, விதி விதிதான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் தூசி ஜாஸ்தி.

"தொடாதவங்க சரி," என்றார் ஜெயராம், "கும்பிடறவங்களுக்கு என்ன பண்ணுவே?"

"தெரியலை சார். பார்க்கணும்."

ஜெயராம் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "அப்ப பாரு. மேல நான் பேசிக்கறேன்."

தூரத்தில் மொபெட் சத்தம் கேட்டது.