தக்காளிக்குக் கட்டிய ஓலை

உமுநேடோ கிராமத்தில் பொய் சொல்லத் தெரியாதவர் யாருமில்லை. ஆனால் பொய்யை வண்டி முகப்பில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவன் அனிசோபா ஒருவன்தான்.

பிழைப்பு என்று பார்த்தால் பெரிய குற்றமொன்றும் இல்லை. ஒரு பழைய வேன். அதில் ஊர்த் தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒனிட்ஷா சந்தைக்குப் போவான். வழியில் இபெக்வேயும் அவன் கூட்டாளிகளும் சாலைக்குக் குறுக்கே கட்டை போட்டு வசூல் செய்வார்கள். சாலையில் ஓடுவதற்கு ஒரு ரசீது, சரக்குக்கு ஒரு ரசீது, ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு ரசீது. பள்ளத்தை மூட மட்டும் ஒருவரும் ரசீது போட்டதில்லை.

ஒருநாள் அண்டை வீட்டுக்காரரின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வழக்கப்படி வேனின் முன்னால் பனங்குருத்து கட்டினார்கள். அதைக் கண்டதும் கட்டை தானாகத் தூக்கிக்கொண்டது. இபெக்வே தொப்பியைக் கழற்றி ஓரமாக நின்றான். வாயைத் திறக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. அனிசோபாவுக்கு ஞானம் பிறந்தது. பிணத்துக்குக் கிடைக்கிற மரியாதை தக்காளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

மறுநாளிலிருந்து தக்காளிகள் இறுதி யாத்திரை போகத் தொடங்கின.

கைப்பேசியில் ஒருவன் "இதோ வந்துட்டேன்" என்றால் இன்னும் குளிக்கவே போகவில்லை என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கோபிப்பதில்லை. ஓலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நிலத்தில் நட்டால் "வழக்கு இருக்கிறது, கால் வைக்காதே." வண்டியில் கட்டினால் "உள்ளே பிணம், வழி விடு." பாவம், அதற்குப் பொய் சொல்லச் சொல்லித்தர ஒரு அனிசோபா பிறக்க வேண்டியிருந்தது.

அவன் அம்மா எம்பாஃபோர் உள்ளூர்ச் சந்தை முனையில் சோளம் சுட்டு விற்பவள். முழங்கால் வலிக்காரி. ஆனாலும் ஓலை கட்டிய வண்டி எது போனாலும் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். யார் பெற்ற பிள்ளையோ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மகனின் வண்டிக்கும் அப்படித்தான் நாலைந்து முறை எழுந்தாள். பிறகுதான் வண்டியின் அடியில் சிவப்பாக ஏதோ ஒழுகுவதைக் கவனித்தாள்.

"யாருடா செத்தது?"

"தக்காளிம்மா. பாதி அழுகிப் போச்சு."

"அடப்பாவி! முட்டி தேய எழுந்து நின்னேனேடா! நாளைக்கு நான் போனா எதைடா கட்டுவ?"

"உனக்குப் பெரிய ஓலையா பாத்துக் கட்டிட்டாப் போச்சு, விடும்மா."

அதைவிடப் பெரிய நகைச்சுவை உலகத்திலேயே இல்லை என்பதுபோல் சிரித்தான்.

சாயம் வெளுக்கத்தானே வேண்டும்? ஒருநாள் கட்டையருகில் பள்ளத்தில் வண்டி குதித்து, பின்கதவு திறந்து, பிரேதம் கூடை கூடையாக ரோட்டில் உருண்டது. இபெக்வே சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டான். அப்புறம் இரண்டு மடங்கு வசூலித்தான். அன்றிலிருந்து அந்தச் சாலையில் ஓலை என்றாலே சிரிப்பு. அனிசோபாவும் கட்டுவதை விட்டான்.

மழைக்காலத்தில் எம்பாஃபோருக்கு நெஞ்சு வலி வந்தது. ஒனிட்ஷா ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஒரு காலை விடியும்போது அவள் இல்லை.

குடும்பக் குழுவில் செய்தி போட்டான். ஹூஸ்டனில் இருந்த சித்தப்பா மக்கள் கைகூப்பும் படங்களை அள்ளிக் கொட்டினார்கள். உமுநேடோவுக்கு மட்டும் முந்தின நாள் மழையிலிருந்து சிக்னல் இல்லை. இல்லாவிட்டால் என்ன, அதுதான் ஓலை இருக்கிறதே என்று நினைத்தான். கிடைத்ததிலேயே பெரிய குருத்தாக வெட்டிக் கட்டினான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஊர் பேர் தெரியாதவருக்கெல்லாம் எழுந்து நின்றவள்; அவளுக்காக இந்தச் சாலை ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும்.

கட்டை இறங்கியே இருந்தது.

"வாங்க, வாங்க! இன்னைக்கு யாரு காலமானாங்க? வெங்காயமா, மிளகாயா?" என்றான் இபெக்வே.

"எங்கம்மாடா."

"போன தடவை உங்கப்பா, ரோடெல்லாம் உருண்டாரு. தொறடா கதவை!"

திறந்தான். இபெக்வே பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். தலையைக் குனிந்தான். பிறகு மெல்ல இருமிக்கொண்டு கையை நீட்டினான். கல்நெஞ்சன் என்று சொல்லிவிட முடியாது, பாதிதான் வாங்கினான்.

ஊருக்குள் நுழைந்தபோது சந்தை கூடியிருந்தது. வண்டி ஊர்ந்து வந்தது. ஓலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒருவரும் எழவில்லை. தலையில் கூடையோடு போனவர்கள் விலகக்கூட இல்லை. யாரோ சீட்டியடித்தார்கள். ஆரன் அடித்துப் பார்த்தான். சிரிப்புதான் கூடியது. அனிசோபாவுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவர்களை இப்படிச் சிரிக்கப் பழக்கியவன் யார் என்பது அவனுக்குத் தெரியும்.

அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் அக்குன்னா வண்டியை மறித்து நின்றாள். ஆள் இல்லாத நாட்களில் அந்த அடுப்புக்கும் அவள்தான் காவல்.

"என்னடா அனிசோபா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? வெக்கமா இல்ல? இரு இரு, ஒங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வரட்டும். காதைத் திருகச் சொல்றேன்!"

"வந்துட்டாங்கக்கா" என்றான்.

அக்குன்னா சிரித்துக்கொண்டேதான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.