தகட்டில் குறையில்லை

கைக்குட்டையைப் பிரித்து அக்கா மேசைமேல் வைத்தது ஒரு சாண் நீள உலோகத் தகடு. வரிசையாகத் திருகுத் துளைகள். நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. “தம்பிக்க காலுக்குள்ள இருந்தது” என்றார்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். என்னைவிட மூத்தவர், தேங்காய்ப்பட்டணத்துக்காரர். எனக்கு அவர் அக்கா. எங்கள் பொறுப்பில் இருந்தது நானோ அளவில் உலோகத்தின் உறுதியைப் பார்க்கும் கருவி. கண்ணுக்குத் தெரியாத வைரமுனை ஒன்று மெல்ல இறங்கி அழுத்தும். தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இறங்காது. எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு பள்ளம் என்று திரையில் கோடு விழும். வாசலில் பேருந்து போனாலே அந்தக் கோடு நடுங்கிவிடும் என்பதால், மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்போம்.

அக்காவின் தம்பி மீன்பிடி விசைப்படகு ஓட்டுபவன். பைக்கில் விழுந்து கால் முறிந்து, எலும்பைச் சேர்க்க அந்தத் தகட்டை வைத்திருந்தார்கள். சில மாதங்களிலேயே, கடலில் வைத்து அது உடைந்தது. மட்டமான தகட்டை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று வீடே கொதித்தது, வக்கீலையும் பார்த்தாயிற்று. அக்காவும் அப்படித்தான் நம்பினார். துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிபோல மெருகேற்றிக் கருவிக்குள் வைத்தோம்.

உறுதி இருக்கவேண்டிய அளவில் இருந்தது. “இன்னொருக்க பாப்போம்” என்றார். இடம் மாற்றி மாற்றிப் பார்த்தும் அதேதான். பிறகு முறிந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். அலை வடிந்த மணலில் கிடப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரிகள். எலும்பு கூடுமுன்பே பாரம் ஏறியதால், ஒவ்வோர் அசைவுக்கும் விரிசல் சிறிது சிறிதாக நகர்ந்திருக்கிறது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது அறுவை முடிந்து தம்பி கட்டிலில் கிடந்தான்.

“தகட்டுல ஒரு குறையும் இல்ல மக்கா” என்றார் அக்கா.

“அப்போ எனக்க குத்தமா?”

“எனக்க குத்தம். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சப்போ, டாக்டர் வேண்டாமுன்னு சொல்லியும், கடலுக்குப் போட்டா அக்கான்னு எங்கிட்ட கேட்ட. நடக்க முடியுதுல்லா, போ லேன்னு சொன்னது நாந்தானே.”

அடுக்களையிலிருந்து அம்மா வந்தார். “கூடப்பொறந்தவன விட்டுட்டு மெஷினுக்க பேச்சக் கேக்கியா நீ?” தம்பி அக்காவின் கையைப் பிடித்தான். “நீ வேண்டாமுன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன்க்கா.” அது உண்மையா, அவரைத் தேற்றச் சொன்னதா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வழக்கு நடக்கவில்லை. அம்மா வெகுநாள் மகளோடு பேசவில்லை. அக்கா இப்போது பெங்களூரில் இதே வேலையில் இருக்கிறார். தம்பிக்குக் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. கடலை விட்டுவிட்டு, துறைமுகத்தில் படகு இன்ஜின்களைப் பழுதுபார்க்கிறான். போன மாதம் அவனைப் பார்த்தபோது அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

“தெனமும் போன் பண்ணுவா. ஆனா எதுக்கும் போன்னோ வேண்டாமுன்னோ ஒரு வார்த்த சொல்ல மாட்டா. பொண்ணு பாக்கப் போட்டான்னு கேட்டாக்கூட, ஒனக்க இஷ்டம் மக்கான்னு வச்சிருவா” என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.