உயரம் அளக்கும் நாள்

உயரம் அளக்கும் நாளில் ஏமாற்றாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கொண்டைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். சாக்ஸுக்குள் குதிகாலடியில் அட்டையை மடித்துச் செருகியிருப்பார்கள். பலகையில் முதுகை ஒட்டி நில் என்றால், நான் கண் சிமிட்டுவதற்குள் குதிகால் ஒரு விரற்கடை மேலே போயிருக்கும். அதனால் செலக்‌ஷன் நாளில் என் வேலை தரையில் உட்கார்ந்து பாதங்களைப் பார்ப்பது. பயிற்சியாளர் மேலே ஸ்கேலைப் பார்ப்பார், நான் கீழே குதிகாலைப் பார்ப்பேன். பதினோரு வருஷம் இந்தக் குதிகால் உத்தியோகம் பார்த்தேன்.

திருவனந்தபுரத்தில் பெண் பிள்ளைகளுக்கான வாலிபால் ஹாஸ்டல் அது. ஹாஸ்டலில் தங்கிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள், காலையும் மாலையும் விளையாடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாக அங்கே மேட்ரனாகச் சேர்ந்தேன். இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கரமனை அக்ரஹாரத்துப் பெண், பேச்சில் அக்ரஹாரம் அப்படியே இருந்தது. முதல் நாளே பயிற்சியாளர் என்னை "மாமி" என்று கூப்பிட்டார். கோபம் வருமா வராதா? வந்தது. நான் முறைத்த முறைப்பில் அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளைகள், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லாருக்கும் நான் மாமிதான்.

இந்த மாதிரி இடம் எப்படி ஓடுகிறது என்று என் வீட்டில்கூட யாருக்கும் புரிந்ததில்லை. "கவர்மென்ட் குடுக்கறது, உனக்கென்னடி" என்பாள் அம்மா. கவர்மென்ட் கொடுப்பது ஒரு நாளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுப் பணம். தலை குறைந்தால் பணமும் குறையும். ஒரு கட்டில் காலியாகக் கிடந்தால், அடுத்த வருஷம் கணக்கிலிருந்து அந்தக் கட்டிலையே எடுத்துவிடுவார்கள். மாநிலப் போட்டியில் பதக்கம் வரவில்லையென்றால் இன்னும் நாலு கட்டில் போகும். ஷூ ஒரு பாங்க் கொடுத்தது. பதிலுக்கு, வருஷத்துக்கு ஒரு தரம் பிள்ளைகள் அந்த பாங்கின் பெயர் போட்ட பனியனோடு போட்டோவுக்குப் பல்லைக் காட்ட வேண்டும். பந்தும் வலையும் எங்களிடம் விளையாடிப் போய் ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்கு இருந்த பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தவை. கவர்மென்ட் பணம் வரத் தாமதமானால் சாலைக் கடைத்தெருவுக்குப் போவேன். அங்கே ஒரு திருநெல்வேலிக்காரரின் அரிசி மண்டி இருந்தது. நான் தமிழில் வாயைத் திறந்தால் போதும், மூட்டை வண்டியில் ஏறிவிடும். "பந்தடிக்கிற பொட்டப் புள்ளையளுக்குத்தான, கொண்டு போங்கம்மா" என்பார். அப்படித்தான் ஓடியது.

கட்டில் நிறைய வேண்டும், பதக்கமும் வர வேண்டும் என்றால் உயரமான பிள்ளைகள் வேண்டும். பயிற்சியாளர் அதற்காக ஊர் ஊராக அலைவார். கடற்கரைப் பள்ளிக்கூடங்கள், மலைப் பள்ளிக்கூடங்கள், எங்கே பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம் நடந்தாலும் வேலியோரம் நிற்பார். யார் ஜெயிக்கிறாள் என்று பார்க்க மாட்டார். பாதம் எவ்வளவு பெரிசு, விரல் எவ்வளவு நீளம், கூட்டிக்கொண்டு வந்த அம்மா எவ்வளவு உயரம், இதைத்தான் பார்ப்பார். "களி ஞான் படிப்பிக்கும் மாமி. உயரம் ஆரு படிப்பிக்கும்?" என்று கேட்பார். ஆட்டத்தைச் சொல்லித் தரலாம், உயரத்தைச் சொல்லித் தர முடியாது என்பது நியாயம்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். தேயிலை விலை விழுந்து மலையில் எஸ்டேட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த சமயம். அந்த வருஷம் எல்லா இடமும் நிறைந்து ஒரே ஒரு கட்டில் பாக்கி. அதற்காகப் பயிற்சியாளர் மலையில் பார்த்துவைத்த ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து கமிட்டிக்காரர் ஒருவர் காலையிலேயே வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் அப்பாவோடு வந்தாள். பதின்மூன்று வயது. பழுப்பேறிய நீளப் பாவாடை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைப் பின்னல். அப்பா நெட்டையாக, வற்றலாக, தோளில் ஒரு துண்டோடு இருந்தார். மலையிலிருந்து பஸ்ஸில் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தார்களாம். நான் தமிழ் பேசியதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"டீச்சரம்மா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க. எஸ்டேட்டப் பூட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இங்க சேந்துட்டா மூணு நேரமும் சாப்புடும். படிக்கும். எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்க."

"கவலைப்படாதேங்கோ" என்றேன். எனக்கு அப்போதே அவள் எங்கள் பிள்ளை ஆகிவிட்டாள்.

முதலில் குதிக்கிற பரீட்சை. விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு சுவரோரம் நின்று எம்பித் தொட வேண்டும். பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தரம் கைகளைப் பின்னால் வீசி, எழும்பினாள். சுவரில் எங்கள் மூத்த பிள்ளைகள் எட்டிய கோட்டுக்கு ஒரு சாண்தான் கீழே அவள் விரல் பதிந்திருந்தது. கீழே இறங்கும்போது சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அப்புறம் உயரம். அவள் வயதுக்கு நூற்று அறுபது சென்டிமீட்டர் வேண்டும். பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு பலகையில் ஒட்டி நின்றாள். நான் கீழே உட்கார்ந்தேன். குதிகால் இரண்டும் தரையில் பசை போட்ட மாதிரி இருந்தன. இவ்வளவு ஒழுங்கான பிள்ளையா என்று மெச்சிக்கொண்டேன். பயிற்சியாளர் கட்டையைத் தலைமேல் இறக்கி, நூற்று ஐம்பத்தெட்டரை என்றார். சொல்லும்போதே அவர் முகம் விழுந்துவிட்டது. கண்ணால் பார்த்தே ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் சொல்லுகிற மனுஷர்.

கமிட்டிக்காரர் பேனாவை மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க நின்றால் எல்லாருக்கும் முதுகு அமுங்கும், படுத்து எழுந்தால் கொஞ்சம் கூடும். மாசாமாசம் பிள்ளைகளை அளந்து நான் கண்ட வித்தை இது. அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், இரண்டு மணி நேரம் படுக்கவைத்து அளக்கலாம் என்று கமிட்டிக்காரரிடம் மலையாளத்தில் ஒரு பாட்டம் வாதாடினேன். எப்படியோ சரி என்றார். நோயாளி அறையில் கட்டிலைத் தட்டிப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். "அசையாமத் தூங்கு" என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தேன். அப்பா வராந்தாவில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் நூற்று ஐம்பத்தெட்டு.

படுத்து எழுந்து குறைந்துபோன பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். பயிற்சியாளர் அந்த வருத்தத்திலும் சிரித்துவிட்டார். "மாமி, இதெந்து வித்யா? இன்னும் ரெண்டு மணிக்கூர் உறங்கியா குட்டி காணாமப் போகும்" என்றார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாவாடையின் விளிம்பு கண்ணில் பட்டது. அவள் நடந்து வந்தபோது அது கணுக்காலுக்கு மேலே நின்றது. இப்போது பாதத்தின் மேல் படுத்துக் கிடந்தது. துணி வளருமா என்ன?

எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளை அளந்திருக்கிறோம். கொண்டையைத் தடவிப் பார்ப்போம், சாக்ஸை உதறிப் பார்ப்போம். குட்டையாகத் தெரிய வேண்டும் என்று ஒருத்தி நினைப்பாள் என்று எங்கள் யார் புத்திக்கும் எட்டியதில்லை. முழங்காலை ஒருவரும் பார்த்ததில்லை.

எல்லார் முன்னாலும் கேட்க மனம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி அவளை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவைத்துப் பிடித்தேன் ஒரு பிடி.

"ஏண்டி, முழங்காலை மடக்கிண்டு நின்னியா இல்லியா? உங்கப்பா அத்தனை தூரம் நின்னுண்டு வந்தது இதுக்குத்தானா? நான் பைத்தியக்காரியாட்டம் சண்டை போட்டது இதுக்குத்தானா?"

அவள் அழவில்லை. மூட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "டீச்சர், இங்க குடுக்குற சாப்பாட்ட வீட்டுக்குக் குடுத்து விடலாமா?" என்று கேட்டாள்.

"ஹாஸ்டல் சாப்பாடு ஹாஸ்டல்ல சாப்பிடத்தான்" என்றேன் கடுப்பாக.

"அப்ப நான் வரல டீச்சர்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அவளுக்கு ஒரு தம்பி, நாலு வயது. எஸ்டேட்டைப் பூட்டியபோது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்தையும் பூட்டிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்னே வேறெங்கோ கூலிக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். காலையில் கஞ்சி ஏதாவது இருந்தால் இவர்கள் இருவரும் குடிப்பார்கள். மத்தியானம் வீட்டில் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கஞ்சியும் பயறும் உண்டு. இவள் தன் பங்கைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து லயத்துக்கு ஓடுவாள். தொழிலாளிகளின் வீட்டு வரிசையைத்தான் அங்கே லயம் என்பார்கள்.

"வாசல்லயே ஒக்காந்திருப்பான் டீச்சர். என்னயப் பாத்தாத்தான் எந்திரிப்பான். பெல்லு அடிக்கிறதுக்குள்ள திரும்பி ஓடிரணும். அதான் எனக்கு நல்லா ஓட வரும்" என்றாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பிள்ளையை உள்ளே எடுத்தால் ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்தோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற பணத்தில் இன்னொரு தலைக்கு இடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதை ஒரு பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்து, முழங்காலை மடக்கும் என்று தெரியாது. திட்டியதற்கு வெட்கப்பட்டேன். அவள் தலையைத் தொடலாமா என்று கை போனது, தொடவும் கூச்சமாக இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டால் போதும். அவள் மலைக்குத் திரும்பிவிடுவாள், தம்பி சாப்பிடுவான், எங்களுக்கு ஒரு கட்டில் போகும், அவ்வளவுதான். ஆனால் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷருக்குத் தெரியாமல் இதை முடிவு செய்ய நான் யார்? அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்றதும் அவள் என் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர், அப்பாக்குத் தெரியாது" என்றாள். தலைப்பை விடுவித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அப்படியே அவளையும் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அப்பா கேட்டுக்கொண்டார். நான் சொல்லி முடித்ததும் அவளைப் பார்த்து, "அப்ப மத்தியானம் நீ என்னத்தத் தின்ன?" என்றார்.

அவள் என் தலைப்பை விட்டுவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல சாப்புட்டேன்னுதான தெனமும் சொல்லுவ?"

"அவன் மிச்சம் வைப்பாம்ப்பா" என்றாள். "செல நாளு வைப்பான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. நான் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பிறகு அவர் மகளின் கையைப் பிடித்து நேராகப் பலகைக்குக் கூட்டிப் போனார். பயிற்சியாளரும் கமிட்டிக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "சார், இன்னும் ஒரு தரம்கூடி" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் கட்டையை மேலே ஏற்றினார்.

அவள் பலகையில் ஒட்டி நின்றாள். பாவாடை விளிம்பு மறுபடி பாதத்தில் விழுந்தது. அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு, பாவாடையோடு சேர்த்து அவள் இரண்டு முழங்கால்களையும் கைகளால் பிடித்துக்கொண்டார்.

"நேரா நில்லு தாயி."

"தம்பிக்கு?"

"அப்பன் நான் இருக்கேன்ல. நீ நில்லு."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவருக்கே தெரியாது. அது அவர் குரலிலேயே இருந்தது, அவளுக்கும் கேட்டிருக்கும். பிறகு விளிம்பு மெல்ல மெல்ல மேலே ஏறியது. கணுக்கால் தெரிந்தது. பயிற்சியாளர் கட்டையை இறக்கினார். நூற்று அறுபத்திரண்டரை. கமிட்டிக்காரருக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். பேனா எழுதுகிற சத்தம் கேட்டது.

அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் முழங்கால் மறுபடி மடங்கிவிடுமோ என்கிற மாதிரி பிடித்தபடியே இருந்தார். "அளந்தாச்சு, இனிமே விடலாம்" என்று நான்தான் குனிந்து சொல்ல வேண்டியிருந்தது.