சொந்த விருப்பத்தின் பேரில்

ஓய்வூதியக்காரன் ஆண்டுக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், தான் இன்னும் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நேரில் போய் நின்றால் மட்டும் போதாது. நிற்பவன் அவன்தான் என்பதற்குத் தாள் வேண்டும். அப்படி ஒரு தாளைத் தேடித்தான் போன மாதம் என் மனைவியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மகளின் ஞானஸ்நானச் சீட்டு, அம்மை குத்திய அட்டை, என் மாமனாரின் புகைப்படம். எல்லாவற்றுக்கும் அடியில், துருப்பிடித்த குண்டூசியால் குத்திய இரண்டு தாள்கள் இருந்தன. மேலே இருந்த தாளை எனக்கு நன்றாகத் தெரியும். தட்டச்சின் மூன்றாவது கார்பன் நகல். தர்மபுரி தாலுகா அலுவலக எழுத்தர் ஒருவரை மொரப்பூர் முகாமுக்கு மாற்றும் ஆணை. அந்த எழுத்தர் நான். ஆணையின் வரைவை எழுதியவனும் நான்தான். அடியில் இருந்த தாளை நான் அதுவரை பார்த்ததில்லை. எந்தக் கோப்பிலும் கேள்வி அடியிலும் பதில் மேலேயும்தான் கிடக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தர்மபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான புதிது அது. எங்கள் மகள் பிறந்ததும் அப்போதுதான். மாவட்டமும் மகளும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். மாவட்டத்துக்கு மேசையும் நாற்காலியும் ஆட்களும் கொடுத்தால் அடங்கியது. மகளுக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பகல் மூன்று மணிக்குத் தொடங்குவாள். முழங்கால்களை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கைகளை இறுக மூடி, முகம் கறுக்கக் கறுக்க இரவு எட்டு வரை அழுவாள். தூக்கினாலும் அழுகை, படுக்கப் போட்டாலும் அழுகை. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாமியார் வசம்பு வளையல் கொண்டுவந்து கட்டினார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். மூன்று மாதம் முடிந்ததும் ஆறு மாதம் என்றார். காலக்கெடுவை நீட்டிப்பதில் மருத்துவத் துறை வருவாய்த் துறைக்குச் சளைத்ததில்லை. ஞானஸ்நானத்தன்று மட்டும் குழந்தை சத்தமே காட்டவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிய சாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். அதன்பிறகு சொந்தக்காரர்கள் யாரும் நாங்கள் சொன்னதை நம்பவில்லை.

அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இழந்தது என்ன என்பது விளங்காது. நான் ஐந்தரைக்கு வீடு வருவேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். தாசில்தார் எப்படித் தும்மினார், இறந்துபோனவர் பெயரில் எப்படி நேரில் ஆஜராகும்படி அறிவிப்பு போயிற்று என்றெல்லாம் நான் சொல்லுவேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். எட்டாவது வரை படித்தவள். சிரிக்கவேண்டிய இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பாள். என் பேச்சைக் கேட்டு அப்படிச் சிரித்த ஒரே ஆள் அவள்தான். குழந்தை வந்த மூன்று மாதத்தில் எங்கள் பேச்சு மூன்று பொருளுக்குச் சுருங்கியது: பால், துணி, யார் தூக்குவது. பிறகு அதுவும் போய், நேற்று யார் அதிகம் தூங்கியது என்ற ஒரே வழக்கு மிஞ்சியது. இரு தரப்பிலும் சாட்சி இல்லாத வழக்கு.

ஒரு மாலை, சொல்லக்கூடாததைச் சொன்னேன். "ஒரு கொழந்தய அடக்கத் தெரியல உனக்கு. நான் தெனம் நாப்பது விவசாயிங்கள அடக்கிட்டு வரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. "அப்ப நாளைக்கு இவளையும் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போங்க. டேபிள் மேல போட்டு நம்பர் குடுங்க. அடங்குறாளான்னு பாக்கலாம்."

பழைய நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் அலுவலகத்தில் ஏழரை மணி வரை இருக்கத் தொடங்கினேன். நிலுவைக் கோப்புகள் குறைந்தன. தாசில்தார் என்னைக் கடமையுணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். தலைமை எழுத்தர் மட்டும் ஏமாறவில்லை. மூக்குப்பொடி வாசனையோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏய்யா, கொழந்தைக்கு எத்தன மாசம்?"

"நாலு முடியுதுங்க."

"அதான பாத்தேன். மொரப்பூர்ல பட்டாப் பதிவேடு சரிபாக்குற கேம்ப்பு போடறாங்க. போறியா? ஆறு புள்ளைக்கும் ஆறு கேம்ப்பு பாத்தவன்யா நான். எங்க வூட்டம்மாவுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

நான் யோசித்ததாக நினைவில்லை. அன்றே விருப்ப விண்ணப்பம் எழுதினேன். நியமனமும் மாறுதலும் பார்க்கும் பணியமைப்புப் பிரிவு என் கையில் இருந்ததால், என் விண்ணப்பத்தின்மீது நானே குறிப்பு எழுதி, எனக்கான மாறுதல் ஆணையின் வரைவையும் நானே வைத்தேன். தாலுகா அலுவலகங்களில் எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று ஆகியிருந்த காலம். 'இம்மாறுதல் எழுத்தரின் சொந்த விருப்பத்தின் பேரில் வழங்கப்படுகிறது' என்ற வரி விதிப்படி இருந்தாக வேண்டும். தானாகக் கேட்டு மாறுதல் வாங்கியவர் ஓராண்டுக்குத் திரும்பி வரக் கேட்கக்கூடாது என்பது அடுத்த வரி. இரண்டையும் எழுதினேன். விட்டிருந்தால் தலைமை எழுத்தர் கண்டுகொண்டிருக்க மாட்டார். ஆனால் கோப்பில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டில் சொல்ல வாய் மட்டும் வந்தது.

"மொரப்பூருக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. என்ன பண்றது, கவர்மெண்ட்டு உத்தியோகம்."

அவள் என்மீது கோபப்படுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கோபமோ தாசில்தார்மீது போயிற்று. "கைக்கொழந்தக்காரருன்னு ஒருத்தனுக்குக்கூடவா தெரியாது? நீங்க வாயில்லாத ஆளுன்னுதான உங்களப் புடிச்சுப் போடறாங்க?" என்று பொருமினாள். இடுப்பில் குழந்தை கத்திக்கொண்டிருக்க, ஒற்றைக் கையால் என் துணிகளை மடித்தாள். எள்ளுப்பொடி இடித்துப் புட்டியில் அடைத்தாள். வீட்டில் நல்ல தலையணை ஒன்றுதான் இருந்தது. அதை என் படுக்கைச் சுருளுக்குள் வைத்து, "அங்கியாச்சும் நல்லாத் தூங்குங்க" என்றாள்.

தூங்கினேன். மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்குதான் முகாம். சரக்கு வண்டிகள் சுவரை அதிரவைத்துக்கொண்டு போகும்; எனக்கு ஒன்றும் கேட்காது. முதல் வாரம் குற்றவுணர்வு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, தூக்கம்தான் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய், பூசைக்கு இருந்துவிட்டு, மூன்று மணி அடிப்பதற்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.

மூன்றாவது வாரம் என் மனைவி செய்ததைத் தலைமை எழுத்தர்தான் பின்னால் எனக்குச் சொன்னார். மனு வாங்கும் நாளன்று, அதுவரை தாலுகா அலுவலக வாசலை மிதித்திராதவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டா கேட்பவர்களுடன் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தலைமை எழுத்தர் மனுவை வாங்கி முத்திரை குத்தினார். குழந்தை தொடங்கியது. "இவரத் திருப்பி அனுப்புற வரைக்கும் நான் போறதா இல்லீங்க" என்று சொல்லி, அவள் குழந்தையை அவருடைய மேசைமேலேயே கிடத்திவிட்டாள். அன்று மாலை என்னிடம் அவள் சொன்ன யோசனைதான். ஆறு பிள்ளைகளின் இரகசியத்தைக் கட்டிக்காத்த மனிதர், என் ஒரு பிள்ளையின் முன் பத்து நிமிடம் தாங்கவில்லை.

"ஏம்மா, நாங்க யாரும் மாத்தலம்மா! அவரே கேட்டு வாங்கிட்டுப் போனாரு. இந்தா, நீயே படிச்சுக்க" என்று கோப்பிலிருந்த உபரி நகலை எடுத்துக் கொடுத்து, மனுவையும் அதனுடன் சேர்த்துக் குத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். ஆணை ஆங்கிலத்தில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

இது எதுவும் தெரியாமல் சனிக்கிழமை மதியம் வீடு போய்ச் சேர்ந்தேன். சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ஆணை நகலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவனுக்குப் படிக்க என்ன இருக்கிறது? நான் தலை நிமிரும்போது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"பால் காச்சி வச்சிருக்கேன். பாட்டில வெந்நீர்ல போட்டு எடுங்க. அதியமான்கோட்டையில அக்கா வூட்டுக்குப் போறேன். நாளைக்குப் பொழுது சாய வருவேன்."

"கொழந்த?"

"இங்கதான் இருக்கும். நானும் ஒரு நாளு கேம்ப்பு போறனுங்க."

மூன்று மணிக்கு மகள் தொடங்கினாள். நாலு மணிக்கு ஓமத் தண்ணீரைத் துப்பினாள். நாலரைக்கு நான் ஆணை போடும் குரலில் அதட்டினேன். ஐந்துக்குக் கெஞ்சினேன். "என்னதான்டி வேணும் உனக்கு? எழுதிக் குடு!" என்று ஐந்து மாதப் பிள்ளையிடம் கத்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. ஐந்தரை சுமாருக்கு, தோளில் கிடந்தவளை நான் சற்று இறுக்கிப் பிடித்திருப்பதை உணர்ந்தேன். சற்று அல்ல. என் கைகளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அவளைப் பாயில் கிடத்தி, நான்கு பக்கமும் துணியை அண்டைகொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தெருக்குழாயடிக்கு வந்து நின்றேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. என்னிடம் குடமும் இல்லை. அங்கே எனக்கு வேலையே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பகுதியில் இருந்த வீட்டுக்கார அம்மா சாணிக் கூடையோடு போனவர் நின்றார். "என்ன சார், நீங்களும் இங்க வந்துட்டீங்களா?"

"நீங்களும்னா?"

"உங்க வூட்டம்மா தெனம் இந்த நேரத்துக்கு வருமுங்க. உள்ள புள்ளயப் போட்டுட்டு, இதே எடத்துல நிக்கும். பத்து நிமிசம் கழிச்சுப் போயிரும்."

நான் ஏழரை வரை நிலுவைக் கோப்புகளைத் தீர்த்துக்கொண்டிருந்த மாலைகள் அவை. அப்புறம் மொரப்பூரில் தூங்கிய மாலைகள். குழாயடிச் சிமென்ட்டில் குடம் வைத்துத் தேய்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் ஆனதா தெரியாது. உள்ளே போனேன்.

மறுநாள் பொழுது சாய அவள் வந்தாள். முகத்தில் தூங்கி எழுந்த வீக்கம் இருந்தது. அந்த வீக்கம் மொரப்பூரில் கண்ணாடி பார்க்கும்போது என் முகத்திலும் இருந்தது.

"அழுதாளா?"

"அழுதா."

"ம்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க ஒரு படிவம் இருந்திருந்தால் மூன்று பிரதிகளில் பூர்த்தி செய்திருப்பேன். இல்லாததால், "ரத்துக்கு எழுதிப் போடறேன்" என்றேன். "எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். தலைமை எழுத்தர் அதைத் திருப்பி அனுப்பினார். "ஓராண்டுய்யா. அந்த வரிய எழுதுனதே நீதான?" என்றார். ஆகவே ஓராண்டு, தினமும் விடியற்காலை பஸ்ஸில் மொரப்பூர் போய், முகாமில் சண்டை போட்டு நாலரை பஸ்ஸைப் பிடித்து, ஆறு மணிக்குள் வீடு சேர்ந்தேன். வந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்வேன். என் மனைவி வெளியே போவாள். எங்கே என்று நான் கேட்டதில்லை. இதில் அன்பு இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால், ஷிப்டு இருந்தது என்றுதான் சொல்ல முடியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால் எரிந்து விழுவோம். எங்கள் கோவிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பிரிவதற்கு வழிமுறை கிடையாது. ஆனால் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஆயுள் முழுக்க முகாமில் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கும் அதுதான் என்று நினைத்தேன்.

ஏழாம் மாதம் ஒரு மாலை மகள் அழவில்லை. ஓமமோ வசம்போ காரணமில்லை. தானாகத் தொடங்கியது தானாக முடிந்தது. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் எழுந்து போய், ஈரத் துணிகளை மறுபடி ஒருமுறை பிழிந்தாள்.

முகாமின் ஓராண்டு முடிந்து தர்மபுரிக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து, அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று சொன்னேன். பணியமைப்புப் பிரிவில் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் விருப்ப மாறுதல் கேட்டு எழுதியிருந்தார்; நான் அவரிடம், "கொழந்தைக்கு எத்தன மாசம்?" என்று கேட்க, மனிதர் வெலவெலத்துப் போனார். என் மனைவி தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு, நான் எதைச் சொன்னாலும், மழை வருகிறது என்று சொன்னாலும்கூட, "பேப்பர் இருக்கா?" என்று கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. வேடிக்கையாகத்தான் கேட்பாள். வேடிக்கை மட்டும்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது அந்த இரண்டாவது தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. மேலே எங்கள் அலுவலக முத்திரை. எண் இடவில்லை, குறிப்பு இல்லை. அவளுடைய உருண்டைக் கையெழுத்து. 'ஐயா அவர்களுக்கு. என் வீட்டுக்காரரை மொரப்பூருக்கு மாற்றிவிட்டீர்கள். எனக்குக் கைக்குழந்தை. அவர் தனக்கென்று எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர். எங்களை விட்டுவிட்டு அவராகப் போகிற ஆள் இல்லை. தயவுசெய்து அவரைத் திருப்பி அனுப்பவும்.'

என் பணிக்காலத்தில் எத்தனையோ மனுக்களைப் படித்துவிட்டேன். மனுதாரர் கூற்று உண்மையா என்று விசாரித்து அறிக்கை எழுதுவதே என் தொழில். எந்தத் தாளும் கேட்காமல் என்னைப் பற்றி ஒருவர் எழுதிய சான்று இது ஒன்றுதான். அதற்கு மறுப்பாக, அதன்மேல் குத்தி வைத்திருப்பது என் வரைவு.

மதியத் தூக்கத்திலிருந்து அவள் விழித்துவிட்டாள். முழங்கால் வலியால் கட்டிலிலிருந்து எழ அவளுக்கு நேரமாகும். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். "என்னங்க, சத்தத்தயே காணோம்? கேம்ப்பா?"

"இல்ல, இங்கதான் இருக்கேன்."

"பேப்பர் இருக்கா?"

மனுவை அடியிலும் ஆணையை மேலேயும் வைத்து, துருப்பிடித்த ஊசியைப் பழைய துளையிலேயே நுழைக்க முயன்றுகொண்டிருந்தேன். ஊசி உள்ளே போனதும், "இருக்கு" என்றேன்.