ஒட்டாத நோய்

நைனாவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தது நான்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்றே ஒரு தட்டை எடுத்து, அடையாளத்துக்கு அதன் அடியில் ஆணியால் கோடு கீறி, அவர் படுக்கும் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லதும்மா. கொயந்த இருக்கிற வூடு" என்றார்.

என் அப்பாவைத்தான் நைனா என்கிறேன். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் பாறை துளைத்தவர். அம்மா போன பிறகு, ஓசூர் ரோட்டுத் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவில் எங்களோடு வந்து தங்கினார். எனக்கும் என் கணவருக்கும் அங்கே வெவ்வேறு தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. நாங்கள் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் அவளுக்குச் சோறு ஊட்டியதும் தூங்க வைத்ததும் நைனாதான்.

இருமல் அவருக்குப் புதிதல்ல. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் எல்லாருமே இருமினார்கள், பீடியும் குடித்தார்கள். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. சளியை மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் கிருமி இல்லை.

"கிருமி தெரியலன்னா டிபி இல்லன்னு அர்த்தமில்ல. மைன்ஸ்ல இருந்தவரு வேற. மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர். நல்ல மனிதர். காசு பார்க்கிறவர் இல்லை. நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

மாத்திரை விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். காலையில் வெறும் வயிற்றில், என் கண் முன்னால் விழுங்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று பயந்தார். மருந்தால்தான் என்று அதட்டினேன். பகலில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். சாயங்காலம் அவள் தாத்தாவின் அறைப் பக்கம் ஓடினால் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா கிட்ட போகக்கூடாது" என்பேன். அழுதாள், அடம் பிடித்தாள், ஒரு நாள் என்னிடம் அடியும் வாங்கினாள். பிறகு பழகிவிட்டாள். நைனா உள்ளே இருந்து குரல் கொடுத்துப் பேசுவார். அவள் வாசற்படியில் நின்று பதில் சொல்வாள்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் திட்டு அப்படியே இருந்தது. "கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றார் டாக்டர். ஐந்தாவது மாதம் நைனாவின் குரல் கம்மியது. விரல் நுனிகள் உருண்டு வீங்கின. தோள்பட்டை வலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். எட்டாவது மாதம் அவர் சட்டை தோளில் நிற்காமல் நழுவியதைப் பார்த்த பிறகு, யாரையும் கேட்காமல் லீவு போட்டு, நகரத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனைப் பார்த்தபடியே முதுகு வழியாக ஊசி விட்டு, கட்டியிலிருந்து துணுக்குச் சதை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். கன்னடக்காரர். நைனாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், அதனால் நடுவில் நின்று எதையும் மறைக்க என்னால் முடியவில்லை. நுரையீரல் புற்றுநோய் என்றார். இதிலேயே வகைகள் உண்டு, ஒரு வகை மருந்துக்குச் சட்டென்று சுருங்கும், இது அந்த வகை இல்லை என்றார். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் அறுத்து எடுத்துப் பார்த்திருக்கலாம். இப்போது குரல் நரம்பு வரை போய்விட்டது. கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் வலியும் ரத்தமும் குறையும். அவ்வளவுதான்.

நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தமிழில்தான் வந்தது.

"இது ஒட்டிக்குமா டாக்டர்?"

"இல்ல, இது ஒட்டாது" என்றார் அவரும் தமிழிலேயே.

"அப்ப டிபி?"

"டிபி இல்லவே இல்ல."

நைனா என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். "கேட்டியாம்மா? ஒட்டாதாம். இன்னிக்குப் பாப்பா எங்கிட்ட வரட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைத் தூக்கி அவர் மடியில் வைக்கப் போனேன். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு அலறினாள். "தாத்தா கிட்ட போகக்கூடாது!" என்று எனக்கே விரலை ஆட்டிக் காட்டினாள்.

"உடு, உடு" என்றார் நைனா. "நீ சொல்லிக் குடுத்தத நல்லா கத்துக்கினா."

அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அழுகை வரவில்லை.

கரண்டு வைக்கத் தினமும் ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்துப் போனோம். நெஞ்சில் மையால் கட்டம் போட்டு, சிகிச்சை முடியும் வரை அழியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வரிசையில் ஒரு அம்மா எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கர்ப்பப்பை வாயில் புற்று. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்களாம், குணமாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி நாளன்று எல்லாருக்கும் மைசூர்பாக் கொடுத்தார். நைனா வாங்கி, முழுவதையும் சாப்பிட்டு, "நல்லா இரும்மா" என்றார். நான் என் துண்டைக் கைக்குட்டையில் மடித்து, பஸ் ஸ்டாண்டில் வீசிவிட்டேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

வலி உண்மையாகவே குறைந்தது. புழுக்கமான ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா சட்டையில்லாமல் படுத்திருந்தபோது, மகள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள்.

"யாரு கிறுக்கினது?"

"டாக்டரு. அயிச்சா திட்டுவாங்க."

அவள் கட்டிலில் ஏறி, மைக்கோட்டின் மேலேயே விரலை வைத்து, அழியாதபடி மெதுவாக ஓட்டினாள். நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார், இருமல் வந்தால் அவள் பயந்து ஓடிவிடுவாள் என்று. கண் ஓரத்தில் நீர் வழிந்தது.

அதன் பிறகு பதினோரு வாரம் இருந்தார். நோய் மூளைக்கு ஏறியது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை அந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான் கிடைக்கும். தீரும் முன்னே ஓடிப்போய் வாங்கி வர வேண்டும். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டை அவர்கள் கேஜ் என்பார்கள். கடைசி நாட்களில் "கேஜ் வந்துச்சா, கேஜ் வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் கேட்பது நின்றது.

காரியம் முடிந்ததும் சதைச் சோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இருமல், எடை குறையறது, ரத்தம்னா இங்க நாங்க மொதல்ல டிபின்னுதாம்மா நெனைப்போம்."

"ரெண்டு மாசத்துல கொறையலியே சார். அப்ப அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேனோ என்னவோ, அந்த ஒற்றைச் சொல்லோடு ரிப்போர்ட்டை வாங்கி மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆறேழு வருஷம் கழித்து, என்னோடு வேலை செய்த ஒருத்தியின் அப்பாவுக்கு அதே மாதிரி இருமல். அதே டாக்டரிடம்தான் போனார்கள். சளியில் கிருமி இல்லை என்றதும், மாத்திரை எதுவும் எழுதாமல், அந்த வாரமே ஸ்கேனுக்கும் ஊசிச் சோதனைக்கும் அனுப்பிவிட்டார். இப்போதெல்லாம் கட்டி எந்த வகை என்று தெரிந்தால் அதற்கென்று தனி மாத்திரைகூட வந்திருக்கிறதாம் என்று அவள் சொன்னாள். ரிப்போர்ட் வந்தபோது அவருக்கு உண்மையிலேயே டிபிதான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு எழுந்து நடமாடினார்.

அவள் இதைச் சொன்னபோது கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நல்லது என்று சொன்னேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை.